கார் ரெண்டல் ஃப்ரான்சைஸ் எடுக்கப் போறீங்களா? புக்கைக் கடைசிப் பக்கத்துலேர்ந்து படிங்க (கேள்வி பதில்)

நானும் ஒரு ஃப்ரெண்டும் சேந்து அமெரிக்கால ஒரு சின்ன ஊர் ஏர்போர்ட் பக்கத்துல கார் ரெண்டல் ஃப்ரான்சைஸ் எடுக்கலாம்னு கொஞ்ச நாள் அலைஞ்சோம். கடைசில எடுக்கல, அது வேற கதை. ஆனா அதுக்காக மூணு கம்பெனி தன்னைப் பத்தின விவரமெல்லாம் எழுதிக் குடுக்கற டிஸ்க்ளோஷர் புக்கை ராத்திரி ராத்திரியா டைனிங் டேபிள்ல பரப்பி வெச்சுப் படிச்சதுல ஒண்ணு புரிஞ்சுது. முன்னாடி இருக்குற அறுபது பக்க அக்ரிமென்ட் ஒண்ணு சொல்லும், பின்னாடி தைச்சிருக்குற ரெண்டு பக்க ஸ்டேட் அடெண்டம், அதாவது அந்தந்த ஸ்டேட் சட்டத்துக்காக சேக்குற இணைப்பு, அதுல பாதியை மாத்திடும். அதுக்கப்புறம் இதைப் பத்தி நிறைய பேர் கேட்டாங்க, அந்தக் கேள்வியெல்லாம் இங்க ஒரே இடத்துல போட்டுட்டேன். நான் வக்கீல் இல்ல, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஃப்ரான்சைஸ் லாயர் ஒருத்தருக்குக் காசு குடுத்துக் காட்டிடுங்க, அதுல கஞ்சத்தனம் வேணாம்.

கையெழுத்து போட்டா போட்டதுதானே, ஸ்டேட் சட்டம் எப்படி அதுக்குள்ள பூந்து மாத்தும்?

சாதாரண பிசினஸ் அக்ரிமென்ட்னா நீங்க சொல்றது சரி, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா முடிஞ்சுது. ஃப்ரான்சைஸ்ல சில ஸ்டேட்டுங்க மட்டும் அப்படி விட்டுடல, ஏன்னா அந்தப் பக்கம் பெரிய கம்பெனி, இந்தப் பக்கம் வீட்டு மேல லோன் போட்டுக்கிட்டு வர்ற ஆளு, அக்ரிமென்ட்ல ஒரு கமாவைக் கூட மாத்த மாட்டோம்னு முதல் மீட்டிங்லயே சொல்லிடுவாங்க. அதனால சட்டத்துலயே "இந்த உரிமையை நான் விட்டுக் குடுக்குறேன்னு ஃப்ரான்சைசி (ஃப்ரான்சைஸ் எடுத்தவர்) எழுதிக் குடுத்தாலும் அது செல்லாது"ன்னு போட்டு வெச்சிருக்காங்க. இல்லினாய் சட்டத்துல 41ஆவது செக்ஷன் இதுதான். ஃப்ரான்சைஸ் விக்கறதுக்குன்னு தனி டிஸ்க்ளோஷர் சட்டத்தை முதல்ல ஆரம்பிச்சது கலிஃபோர்னியா, 1970ல சட்டம் போட்டு 1971லேர்ந்து அமல். கம்பெனிக்காரங்க நாடு பூரா ஒரே அக்ரிமென்ட்டை வெச்சிக்கிட்டு, ஸ்டேட்டுக்கு ஒண்ணா அடெண்டம்னு ஒரு ஒட்டுப்போட்டு சமாளிக்கறாங்க.

ஃபெடரல் ரூல் ஒண்ணு இருக்கே, அது போதாதா?

எஃப்டிசி, அதாவது ஃபெடரல் ட்ரேட் கமிஷனோட ரூலைச் சொல்றீங்க. 1979லேர்ந்து இருக்கு, 2007ல திருத்தி எழுதினாங்க, 2008 ஜூலைலேர்ந்து புது வடிவம் கட்டாயம். அதுப்படி 23 ஐட்டம் (தலைப்பு) இருக்குற டிஸ்க்ளோஷர் புக்கு, எஃப்டிடின்னு சொல்வாங்க, அதை உங்க கைல குடுத்து முழுசா 14 நாள் ஆகாம கையெழுத்தோ காசோ வாங்கக் கூடாது. ஆனா அந்த ரூல் "எல்லாத்தையும் சொல்லிடு" அப்டிங்கறதோட நின்னுடுது. "உன்னை நாங்க 10 நாள்ல தூக்கிடுவோம்"னு கொட்டை எழுத்துல சொல்லிட்டா ஃபெடரல் ரூலுக்கு அது போதும். இன்னொண்ணு, எஃப்டிசி ரூலை மீறிட்டாங்கன்னு நீங்க தனியா நேரா கேஸ் போட முடியாது, அரசாங்கம்தான் போடணும். ஆளை எப்ப தூக்கலாம், எப்ப கூடாதுங்கறதெல்லாம் ஸ்டேட் சட்டத்தோட வேலை.

எந்தெந்த ஸ்டேட்?

ரெண்டு ரகம் இருக்கு, குழப்பிக்காதீங்க. ஒண்ணு, ஃப்ரான்சைஸ் விக்கறதுக்கு முன்னாடி ஸ்டேட்கிட்ட ரெஜிஸ்டர் பண்ணணும் இல்ல நோட்டீஸ் குடுக்கணும்னு சொல்றது: கலிஃபோர்னியா, ஹவாய், இல்லினாய், இண்டியானா, மேரிலாண்ட், மிச்சிகன், மினசோட்டா, நியூயார்க், நார்த் டகோட்டா, சவுத் டகோட்டா, ரோட் ஐலண்ட், விர்ஜீனியா, வாஷிங்டன், விஸ்கான்சின். இன்னொண்ணு, கையெழுத்து ஆனதுக்கு அப்புறம் உறவு எப்படி இருக்கணும்னு சொல்ற சட்டம். மேல சொன்னதுல பல ஸ்டேட்ல ரெண்டும் இருக்கு. நியூஜெர்சி, கனெக்டிகட், ஆர்கன்சா மாதிரி இடத்துல ரெஜிஸ்ட்ரேஷன் கிடையாது, ஆனா ரெண்டாவது ரகம் இருக்கு, அதனால எஃப்டிடியோட பின்னாடி நியூஜெர்சிக்கு அடெண்டமே இல்லன்னு பாத்துட்டு "நமக்கு பாதுகாப்பு இல்ல போல"ன்னு நினைச்சுக்காதீங்க, நாங்க முதல்ல அப்படித்தான் நினைச்சோம். நியூஜெர்சி சட்டம் நாட்டுலயே கெட்டியான சட்டத்துல ஒண்ணு. ஃப்ளோரிடா, ஜார்ஜியா, டெக்சாஸ் பக்கம் போனா கார் ரெண்டல்காரனுக்கு இந்த மாதிரி டெர்மினேஷன் பாதுகாப்பு, அதாவது கம்பெனி நினைச்சப்ப அக்ரிமென்ட்டை ரத்து பண்றதைத் தடுக்கற பாதுகாப்பு, கிடையாது, அக்ரிமென்ட்ல என்ன இருக்கோ அதுதான் வேதம். டூரிஸ்ட் கூட்டம் அதிகமா வர்ற ஃப்ளோரிடாலயே இப்டிங்கறதுதான் வேடிக்கை.

அடெண்டம் பாக்க எப்படி இருக்கும்?

ஒரு ஸ்டேட்டுக்கு ஒண்ணு ரெண்டு பக்கம்தான். கலிஃபோர்னியா பக்கத்துல வழக்கமா வர்ற ஒரு வரி: திவால் ஆனா அக்ரிமென்ட் முடியும்னு இதுல இருக்கு, ஆனா ஃபெடரல் திவால் சட்டப்படி அந்த விதி செல்லாமப் போகலாம். அதாவது கம்பெனி தன்னோட அக்ரிமென்ட்லயே ஒரு விதியைப் போட்டுட்டு, பின்னாடி பக்கத்துல "இது செல்லாமப் போகலாம்"னு அதுவே எழுதுது! எதுக்கு போட்டாங்கன்னு கேட்டா, எல்லாரும் பின்னாடி பக்கம் வரைக்கும் படிக்கறது இல்லையே.

இன்னொரு வரியை கண்டிப்பா தேடுங்க, பல அடெண்டத்தோட கடைசி பாரால இருக்கும். "அந்த ஸ்டேட் சட்டம் தானாவே உங்களுக்குப் பொருந்தினாத்தான் இந்த அடெண்டம் செல்லும், இந்த அடெண்டத்தையே ஆதாரமா காட்டக் கூடாது" அப்டிங்கற அர்த்தத்துல ஒரு நீள வாக்கியம். அடெண்டத்துல ரெண்டு பேரும் கையெழுத்து போட்டிருந்தாலும், நீங்க அந்த ஸ்டேட் சட்டத்துக்குள்ள வர்ற ஆளான்னு தனியா நிரூபிக்கணும். படிக்க ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கும், ஆனா கேஸ்னு வந்தா முதல் சண்டையே இங்கதான்.

நான் ஒரு ஸ்டேட்ல இருக்கேன், கடை வேற ஸ்டேட்ல போடப் போறேன். எது பொருந்தும்?

சட்டத்துக்கு சட்டம் மாறும். சில ஸ்டேட் நீங்க அங்க குடியிருந்தாலோ, ஆஃபர் அங்க நடந்தாலோ டிஸ்க்ளோஷர் விஷயத்துல உள்ள இழுத்துக்கும். டெர்மினேஷன் பாதுகாப்புக்கு பெரும்பாலும் கடை எங்க இருக்குன்னுதான் பாப்பாங்க. நியூஜெர்சில கடை அங்கயே இருக்கணும், முந்தின 12 மாசத்துல அந்த உறவுல 35,000 டாலருக்கு மேல விற்பனை நடந்திருக்கணும், உங்க மொத்த விற்பனைல 20 சதவீதத்துக்கு மேல அந்த ஃப்ரான்சைஸ்லேர்ந்து வரணும். அதனால நியூஜெர்சி எடிசன்ல வீட்டை வெச்சிக்கிட்டு ஃப்ளோரிடா ஆர்லாண்டோல கவுண்ட்டர் போட்டா நியூஜெர்சி சட்டத்தோட டெர்மினேஷன் பாதுகாப்பு உங்ககூட ஃப்ளைட் ஏறி வராது.

என் பேப்பர்ல ஃப்ரான்சைஸ்னே போடலையே, லைசென்ஸ்னுதான் இருக்கு?

இந்தத் தொழில்ல அது சகஜம், பெரிய கார் ரெண்டல் கம்பெனிங்க பல காலமா லைசென்சின்னுதான் கூப்பிடுவாங்க. பேர் என்னன்னு சட்டம் பாக்காது. அவங்க பிராண்ட் பேர்ல ஓட்டறீங்களா, அவங்க சொன்ன முறைப்படி நடத்தறீங்களா, அதுக்கு காசு கட்டறீங்களா, இந்த மூணும் இருந்தா பல ஸ்டேட்ல அது ஃப்ரான்சைஸ். காசுன்னா நுழைவுக் கட்டணம்தான்னு இல்ல. இல்லினாய்ல வரம்பு 500 டாலர், அங்க ஃபோர்க்லிஃப்ட் விக்கற ஒரு டீலர் கம்பெனி மேனுவல் வாங்கறதுக்காக 1,600 டாலர் சொச்சம் கட்டியிருந்தார், அதை வெச்சே அது ஃப்ரான்சைஸ்னு 1998ல ஃபெடரல் அப்பீல் கோர்ட் ஒத்துக்கிச்சு, 15 லட்சம் டாலருக்கு மேல நஷ்ட ஈடு. கார் ரெண்டல்ல ரிசர்வேஷன் சாஃப்ட்வேர், ட்ரெய்னிங், மேனுவல்னு எத்தனைக்கு பில் வருதுன்னு யோசிச்சுப் பாருங்க.

தலைகீழ் கேஸும் இருக்கு. கம்பெனியோட கார், கம்பெனியோட கவுண்ட்டர், நீங்க கமிஷனுக்கு நடத்தறீங்க, ஏஜென்சி ஆபரேட்டர்னு சொல்வாங்க. அங்க நீங்க எதுவும் கட்டலன்னா மூணாவது கால் உடைஞ்சிடுது. ஆனா நியூஜெர்சி சட்டத்துக்கும் விஸ்கான்சினோட 1974 டீலர்ஷிப் சட்டத்துக்கும் கட்டணம் கட்டியே ஆகணும்னு இல்ல, ரெண்டு பேரோட நலனும் பின்னிக் கிடக்கான்னுதான் பாப்பாங்க, அதனால அங்க வாதாட இடம் இருக்கு.

திடீர்னு ஒரு நாள் தூக்கிட்டா என்ன பண்றது?

மெயின் கேள்வியே இதுதான். கார் ரெண்டல்ல டெர்மினேஷன்னா போர்டைக் கழட்டறது மட்டும் இல்ல, அன்னிக்கு ராத்திரி ரிசர்வேஷன் சிஸ்டத்தை ஆஃப் பண்ணிட்டா மறுநாள் காலைல கஸ்டமரே வர மாட்டான், ஆனா நாப்பது காருக்கு ஈஎம்ஐ வந்துக்கிட்டே இருக்கும், இன்ஷூரன்ஸ் ஓடிக்கிட்டே இருக்கும். அதனால நோட்டீஸ் எத்தனை நாள்ங்கறது இங்க உயிர்.

கலிஃபோர்னியால 2016லேர்ந்து புது அக்ரிமென்ட்டுக்கெல்லாம் தப்பை சரி பண்ண குறைஞ்சது 60 நாள் குடுக்கணும், அதுக்கு முன்னாடி 30 நாள்தான் பழக்கம். மினசோட்டால 90 நாள் முன்னாடி நோட்டீஸ், அதுக்குள்ள 60 நாள் சரி பண்ண டைம். விஸ்கான்சினும் அதே 90, 60. நியூஜெர்சி 60 நாள் நோட்டீஸ், கூடவே நியாயமான காரணம் வேணும், காரணம்னா நீங்க அக்ரிமென்ட்டை பெரிய அளவுல மீறினதுதான், "எங்க பிசினஸ் ப்ளான் மாறிடுச்சு"ங்கறது காரணம் ஆகாது. இல்லினாய், மிச்சிகன், வாஷிங்டன்ல சரி பண்ற டைம் 30 நாளைத் தாண்டிக் குடுக்க வேண்டியதில்ல. விர்ஜீனியா நாள் கணக்கு சொல்லாம "ரீசனபிள் காஸ்" (நியாயமான காரணம்) இல்லாம ரத்து பண்ணக் கூடாதுன்னு மட்டும் நிறுத்திக்குது.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மினசோட்டால ஒரு சின்ன பிராண்டுக்கு கடை வெச்சிருந்தார். அக்ரிமென்ட்ல கார் வயசுக்கு ஒரு லிமிட் இருக்கும், இத்தனை வருஷத்துக்கு மேல பழசான கார் ஓடக் கூடாதுன்னு. இவரோட ஃப்ளீட்ல ஆறு கார் அந்த லிமிட்டைத் தாண்டிடுச்சு, 10 நாள்ல மாத்து இல்லன்னா டெர்மினேட்னு லெட்டர் வந்துது. மனுஷன் பதறிப்போய் ரெண்டு காரை ஏலத்துல அடிமாட்டு விலைக்குத் தள்ளிட்டார். அப்புறம்தான் அவர் பொண்ணு எஃப்டிடியை எடுத்து மினசோட்டா பக்கத்தைப் புரட்டி, "அப்பா, இதுல 60 நாள்னு போட்டிருக்கே"ன்னு காட்டிச்சு. ஒரு லெட்டர் எழுதினார், கம்பெனிகிட்டேர்ந்து சத்தமே இல்ல. போன ரெண்டு கார் போனதுதான்.

ஒரு எச்சரிக்கை, காசு பாக்கின்னா இந்தக் கருணையெல்லாம் கிடையாது. கலிஃபோர்னியால ராயல்டி (விற்பனைல கம்பெனிக்குக் குடுக்கற பங்கு) பாக்கின்னு எழுத்துல நோட்டீஸ் வந்து 5 நாள்ல கட்டலன்னா 60 நாள் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. விஸ்கான்சின்ல காசு பாக்கிக்கு 10 நாள். தொடர்ந்து 5 நாள் கடையை மூடிப் போட்டாலும் கலிஃபோர்னியால உடனே தூக்கலாம், ஊருக்குப் போறவங்க கவுண்ட்டர்ல ஆள் வெச்சிட்டுப் போங்க.

ரிநியூவல் பண்ண மாட்டேன்னு சொன்னா?

கலிஃபோர்னியா, மினசோட்டால 180 நாள் முன்னாடி சொல்லணும். இல்லினாய்ல 6 மாசம் முன்னாடி சொல்லலன்னாலோ, இல்ல முடிஞ்சதுக்கு அப்புறம் அதே தொழில் பண்ணக் கூடாதுன்னு கட்டிப் போட்டாலோ நஷ்ட ஈடு குடுக்கணும். வாஷிங்டன்ல சரக்கு, சாமானுக்கு மார்க்கெட் விலை குடுக்கணும், ஒரு வருஷம் நோட்டீஸ் குடுத்து போட்டித் தடையும் போடலன்னா குட்வில்லுக்கு (கடை சம்பாதிச்ச நல்ல பேருக்கு) மட்டும் காசு குடுக்காம தப்பிச்சுக்கலாம். நியூஜெர்சில நியாயமான காரணம் இல்லாம ரிநியூ பண்ணாம இருக்கவே முடியாது, அதனால அங்க பத்து வருஷ அக்ரிமென்ட்ங்கறது பேருக்குத்தான் பத்து வருஷம்.

கேஸ் போட அவங்க ஊருக்குத்தான் போகணுமா?

அக்ரிமென்ட்ல அப்படித்தான் இருக்கும். எஃப்டிடி முன்பக்கத்துல ஸ்பெஷல் ரிஸ்க்னு ஒரு பக்கம் வரும், அதுல முதல் ரிஸ்க்கே பெரும்பாலும் இதுதான். ஹெர்ட்ஸ் ஆஃபீஸ் ஃப்ளோரிடா எஸ்டெரோல, ஏவிஸ் பட்ஜெட் நியூஜெர்சி பார்சிப்பனில, நீங்க சியாட்டில்ல இருந்துக்கிட்டு அங்க போய் வக்கீல் வெச்சா என்ன ஆகும்னு பாருங்க. கலிஃபோர்னியா, இல்லினாய், ரோட் ஐலண்ட், மினசோட்டா இதெல்லாம் வெளி ஸ்டேட் கோர்ட்டுக்கு இழுக்கற விதி செல்லாதுன்னு சொல்லுது. நியூஜெர்சில அந்த மாதிரி விதி பொதுவா செல்லாதுன்னு 1996ல ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு.

ஆனா ஆர்பிட்ரேஷன்னு (கோர்ட்டுக்குப் போகாம நடுவரை வெச்சுத் தீத்துக்கறது) ஒரு வார்த்தை அக்ரிமென்ட்ல இருந்தா கதை மாறும். 1984ல செவன் இலெவன் கடைக்காரங்க கேஸ்ல, சவுத்லாண்ட் எதிர் கீட்டிங்னு பேரு, கலிஃபோர்னியா ஃப்ரான்சைஸ் சட்டம் ஆர்பிட்ரேஷனைத் தடுக்க முடியாது, ஃபெடரல் ஆர்பிட்ரேஷன் சட்டம்தான் மேலன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. இல்லினாய் சட்டமே ஆர்பிட்ரேஷன்னா வெளியூர்ல வெச்சுக்கலாம்னு சொல்லுது. என்னைக் கேட்டா ஸ்டேட் சட்டத்தோட பெரிய ஓட்டை இதுதான்.

என் ஏரியால அதே கம்பெனியோட இன்னொரு பிராண்ட் வந்து உக்காந்தா?

இது கார் ரெண்டலுக்கே உரிய தலைவலி. 2012ல டாலர், த்ரிஃப்டி ரெண்டையும் ஹெர்ட்ஸ் வாங்கிடுச்சு, ஏவிஸ், பட்ஜெட், பேலெஸ் எல்லாம் ஒரே குடும்பம். நீங்க ஒரு பிராண்டுக்கு லைசென்சி, பக்கத்து கவுண்ட்டர்ல அதே முதலாளியோட இன்னொரு பிராண்ட் உங்களை விட அஞ்சு டாலர் கம்மிக்கு ஓட்டுவான். இண்டியானா, வாஷிங்டன், மினசோட்டா சட்டமெல்லாம் எக்ஸ்க்ளூசிவ் ஏரியா குடுத்துட்டு அதுக்குள்ளயே போட்டி போடக் கூடாதுன்னு சொல்லுது, ஆனா முதல்ல அக்ரிமென்ட்ல எக்ஸ்க்ளூசிவ் ஏரியா குடுத்திருக்கணுமே. எஃப்டிடில ஐட்டம் 12ஐ பாருங்க, "உங்களுக்கு எக்ஸ்க்ளூசிவ் ஏரியா கிடைக்காது, நாங்களே நடத்தற கடை, எங்களோட வேற பிராண்ட், இவங்களோட போட்டி வரலாம்"னு ஒரு வாக்கியம் இருந்தா அதோட முடிஞ்சுது, பெரும்பாலும் எந்த அடெண்டமும் காப்பாத்தாது (இண்டியானா மட்டும் எக்ஸ்க்ளூசிவ் ஏரியா இல்லன்னாலும் பக்கத்துல அநியாயமா போட்டி போடக் கூடாதுன்னு சொல்லுது). ஏர்போர்ட் தனி, டவுன் தனின்னு பிரிச்சிருக்காங்களான்னும் பாத்துக்கோங்க, எங்களுக்கு வந்த மேப்ல டவுன் முழுக்க எங்களுக்கு, ஏர்போர்ட் வேலி மட்டும் வெட்டி எடுத்திருந்தாங்க, ஊருக்கு வர்ற காசு பூரா அந்த வேலிக்குள்ளதான்.

வெளிய வந்தா சொந்தமா ரெண்டல் நடத்தலாமா?

கலிஃபோர்னியாலயும் நார்த் டகோட்டாலயும் அக்ரிமென்ட் முடிஞ்சதுக்கு அப்புறமும் போட்டி போடாதேன்னு கட்டறது பொதுவா செல்லாது. இண்டியானால 3 வருஷத்துக்கு மேலயோ உங்க ஏரியாவைத் தாண்டியோ தடை போடக் கூடாது. வாஷிங்டன்ல 2020லேர்ந்து, பக்கத்து ஃப்ரான்சைசியோட ஆளை நீங்க வேலைக்கு எடுக்கக் கூடாதுன்னு கம்பெனி சொல்றதும் செல்லாது. மத்த இடத்துல கோர்ட் பாத்து சொல்றதுதான்.

"எந்த வாக்குறுதியும் எங்களுக்குக் குடுக்கல"ன்னு ஒரு கேள்வித்தாள்ல கையெழுத்து கேக்கறாங்க, போடலாமா?

சேல்ஸ் ஆளு மாசம் இவ்ளோ வரும்னு வாயால சொல்லியிருப்பான், கடைசி நாள் ஒரு ஃபாரம் நீட்டி "யாரும் எதுவும் சொல்லல"ன்னு டிக் அடிக்க வெப்பான், நாளைக்கு ஏமாத்திட்டாங்கன்னு நீங்க கேஸ் போட்டா இந்த டிக்கைக் காட்டுவான். ஸ்டேட் ரெகுலேட்டருங்க எல்லாம் சேந்த ஒரு சங்கம் இருக்கு, நாசான்னு கூப்பிடுவாங்க, ராக்கெட் விடற நாசா இல்ல, அவங்க 2022ல கொண்டு வந்த கொள்கை 2023 ஜனவரிலேர்ந்து நடப்புல இருக்கு. அதுக்கப்புறம் ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்டேட் அடெண்டத்துல, இந்த மாதிரி ஒப்புதல் எதுவும் ஸ்டேட் சட்டப்படி உங்களுக்கு இருக்குற உரிமையைப் பறிக்காதுன்னு ஒரு பாரா வருது. அந்தப் பாரா உங்க ஸ்டேட்டுக்கு இருக்கான்னு பாருங்க.

கம்பெனியே திவால் ஆனா ஸ்டேட் சட்டம் காப்பாத்துமா?

பெருசா காப்பாத்தாது. ஹெர்ட்ஸ் 2020 மே மாசம் சேப்டர் 11 திவால் மனு போட்டு 2021 ஜூன்ல வெளிய வந்துது. திவால் கோர்ட்ல கம்பெனி வேணாங்கற அக்ரிமென்ட்டைக் கழட்டிவிட ஃபெடரல் சட்டம் வழி குடுக்குது. ஆனா அதுவும் கண்ணை மூடிக்கிட்டு நடக்காது. ரெண்ட்-எ-ரெக்ங்கற கார் ரெண்டல் பிராண்டை ஆரம்பிச்சவருக்கும் பின்னாடி அந்த பிராண்டை வெச்சிருந்த கம்பெனிக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் ஏரியா உரிமைக்காக பல வருஷம் கேஸ் நடந்துது, கம்பெனி 2017ல டெலவேர்ல திவால் மனு போட்டுது, அது நல்லெண்ணத்தோட போட்ட மனு இல்லன்னு 2018ல கோர்ட் தள்ளிவிட்டுடுச்சு.

கம்பெனி நிலைமை சுமாரா இருந்தா இன்னொரு உதவி உண்டு. ஐட்டம் 21ல வரவு செலவைப் பாத்துட்டு இல்லினாய், மேரிலாண்ட், விர்ஜீனியா மாதிரி ஸ்டேட்டுங்க, கடை திறக்கற வரைக்கும் நுழைவுக் கட்டணம் வாங்காதேன்னு கம்பெனிக்கு கண்டிஷன் போடும். அடெண்டத்துல கட்டணத்தைத் தள்ளிப் போடறதா ஒரு பாரா இருந்தா சந்தோஷப்படறதோட நிக்காம, ஏன் போட வெச்சாங்கன்னும் யோசிங்க.

ஸ்டேட் சட்டங்க பெரும்பாலும் தொடாத விஷயம் எது?

ராயல்டி சதவீதம், விளம்பர ஃபண்ட், இன்ஷூரன்ஸ் எவ்ளோ எடுக்கணும், எந்த சாஃப்ட்வேர், இதெல்லாம் பேசி வாங்கிக்கிட்டா உண்டு. வாடகைக்கு எடுத்தவன் இடிச்சா காரோட ஓனர்ங்கறதுக்காக மட்டும் உங்க மேல பொறுப்பு வராதுங்கறது 2005ல வந்த ஃபெடரல் சட்டம், கிரேவ்ஸ் திருத்தம்னு பேரு, உங்க பக்கம் கவனக்குறைவு இல்லாத வரைக்கும்.

விசா?

இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஈ-2 இன்வெஸ்டர் விசா கிடையாது, இலங்கை, கனடா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு உண்டு. எச்-1பில இருந்துக்கிட்டு கவுண்ட்டர்ல நின்னு கடை நடத்த முடியாது, முதல்ல இமிக்ரேஷன் லாயரைப் பாருங்க.

சேல்ஸ் ஆளு ரசீதுல பழைய தேதி போடச் சொல்றான், பரவால்லயா?

வேணவே வேணாம். ஐட்டம் 23ங்கறது அந்த ரசீதுதான், புக்கோட கடைசி ரெண்டு தாள், ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு உங்களுக்கு. 14 நாள் கணக்கு நீங்க நிஜமா வாங்கின நாள்லேர்ந்து ஓடுது, பின்தேதி போட்டா அந்த 14 நாளையும் நீங்களே தூக்கிக் குடுத்த மாதிரி. வாங்கின அன்னிக்குத் தேதியை உங்க கையால எழுதுங்க, மெயில்ல வந்துச்சுன்னா அந்த மெயிலை அழிக்காதீங்க.